இரண்டாம் தாள்

மரக்காணம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பிளான் பிரிண்ட் எடுக்கிற கடை வைத்திருக்கிறேன். என் பெயர் சவரிமுத்து. மனை போடுகிறவர்கள், வீடு கட்டுகிறவர்கள், ரிசார்ட்காரர்கள் எல்லாரும் பென் டிரைவோடு வருவார்கள். பெரிய தாளில் அடித்து, சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டுக் கொடுப்பேன். வரைபடத்தை அச்சடிக்கத் தெரியுமே தவிர, படிக்க எனக்குத் தெரியாது. இந்த ஊரில் அதை ஒழுங்காகப் படிக்கத் தெரிந்தவர் என்று நான் பார்த்தது ஒருவரைத்தான். மாடல் செய்கிற லியாகத் அலி. அவரைப் பற்றி நல்லவர் என்றும், வாக்கு மாறினவர் என்றும் ஊரில் இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். இரண்டும் பாதிதான் சரி. நடந்ததில் எனக்கும் ஒரு பங்கு இருக்கிறது, அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

சார்ஜாவில் ஒரு மாடல் பட்டறையில் பலகை அறுக்கப் போனவர் அவர். வில்லா, மால், டவர் என்று கட்டப்போகிற எதையும் முதலில் ஒரு மேசை அளவுக்குச் செய்து காட்டுகிற இடம் அது. போன மூன்றாவது மாதம் ஒரு வில்லாவுக்கு வெளிப்படிக்கட்டு வைக்கச் சொன்னார்கள். தாளில் முகப்புப் படம் இருந்தது, அதற்கு வலது பக்கத்தில் பக்கவாட்டுப் படம் இருந்தது. வலது பக்கம் போட்டிருப்பதால் அது வீட்டின் வலது பக்கம்தான் என்று நினைத்து இவர் படிக்கட்டை அங்கே வைத்துவிட்டார். சில நாடுகளில் அப்படித்தான் வரைவார்களாம். சில நாடுகளில் நேர்மாறாக, இடது பக்கத்துப் படத்தை வலது பக்கம் போடுவார்களாம். எந்த முறை என்று சொல்ல, தாளின் மூலையில் முனை வெட்டின கூம்பு மாதிரி ஒரு சின்ன அடையாளம் இருக்கும். இவர் அதைப் பார்க்கவில்லை. மேனேஜர் வந்து பார்த்தார், மாடலைத் தரையில் இறக்கி வைத்து அதன் மேல் ஷூவோடு ஏறி நின்றார். உடைந்த துண்டுகளைப் பொறுக்கி அதே வீட்டைத் திரும்ப ஒட்டும்வரை சாப்பாட்டுக்கு எழக் கூடாது என்று உத்தரவு. ஒட்டி முடிக்க மூன்று நாள் ஆனது. கூட வேலை செய்தவர்கள், நம் ஊர்க்காரர்கள் உட்பட, தட்டை எடுத்துக்கொண்டு வந்து அவர் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டார்களாம். சிரித்தார்களாம்.

பதினான்கு வருடம் அங்கேயே இருந்தார். கொரோனாவில் அந்தப் பட்டறை மூடியதும் ஊருக்கு வந்து, ஈசிஆர் ரோட்டோரத்தில் ஒரு தகர ஷெட்டில் சொந்தமாகத் தொழில் தொடங்கினார். அந்த இடம் ஜெயப்பிரகாஷுடையது. உப்பளம், லாரி, மனை வியாபாரம் எல்லாம் வைத்திருக்கிறவர். லியாகத்தின் மனைவி ஷமா வீட்டிலிருந்தே ஸ்பாஞ்சைக் கிள்ளிப் பச்சை சாயம் தோய்த்து மரங்கள் செய்து கொடுப்பார். தென்னை மட்டும் அவருக்குச் சரியாக வராது. அதை லியாகத்தே செய்வார்.

என் கடையில் தாளை விரித்ததும் எல்லாரும் நடுவில் இருக்கிற படத்தைப் பார்ப்பார்கள். லியாகத் வலது கீழ் மூலையைப் பார்ப்பார். அங்கே ஒரு கட்டம் இருக்கும், டைட்டில் பிளாக் என்பார்கள். யார் வரைந்தது, எந்தத் தேதி, எத்தனையாவது திருத்தம், என்ன ஸ்கேல், மொத்தத் தாளில் இது எத்தனையாவது தாள் என்பதெல்லாம் அதில் இருக்கும். பிறகுதான் படத்துக்கு வருவார். முழுக்கோடு என்றால் கண்ணுக்குத் தெரிகிற விளிம்பு. விட்டுவிட்டுப் போகிற கோடு என்றால் அங்கேயும் விளிம்பு உண்டு, ஆனால் எதற்கோ பின்னால் மறைந்திருக்கிறது. நீளம், புள்ளி, நீளம் என்று போனால் நடுக்கோடு, அளப்பதற்காகப் போட்டது, பொருளில் அப்படி ஒன்றும் இருக்காது. இதையெல்லாம் அவர் எனக்குச் சொன்னதில்லை. தாளைப் பார்த்தபடி தனக்குள் முணுமுணுப்பார், என் காதில் விழும்.

மூன்று வருடத்துக்கு முந்தைய டிசம்பரில் புயல் வந்தது. ஜெயப்பிரகாஷின் உப்பளத்தில் அம்பாரமாகக் குவித்திருந்த உப்பின் மேல் தார்ப்பாய் போட நாலைந்து பேரை அனுப்பியிருந்தார்கள். மத்தியானம் பக்கத்துக் கழுவெளி ஏரியில் தண்ணீர் ஏறி உப்பளத்தின் வெளிக்கரையைத் தாண்டி உள்ளே பாய்ந்தது. மற்றவர்கள் மோட்டார் ஷெட்டின் மேல் ஏறிவிட்டார்கள். தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டிருந்த செல்லப்பனை அந்தத் தார்ப்பாயோடு தண்ணீர் இழுத்துக்கொண்டு போனது. மறுநாள் காலையில் முள்வேலியில் கிடைத்தார். அவர் மனைவி வேலம்மாளும் அதே உப்பளத்தில் உப்பு சுமக்கிறவள். மகள் பூங்குழலிக்கு அப்போது பத்தொன்பது வயது, திண்டிவனத்தில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள்.

வேலையில் இருக்கும்போது செத்தால் முதலாளி நஷ்டஈடு தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. வேலம்மாள் தொழிலாளர் துறை அதிகாரியிடம் மனு போட்டுக் கேட்டாள். ஜெயப்பிரகாஷ் தரப்பில் சொன்ன பதில் இதுதான்: எங்கள் கரை உயரமானது, தண்ணீர் தாண்டவே முடியாது, செல்லப்பன் குடித்துவிட்டுக் கரைக்கு வெளியே கழுவெளியில் மீன் பிடிக்கப் போய் விழுந்திருக்கிறான், அதற்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை. ஷெட்டின் மேல் ஏறித் தப்பித்தவர்களில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. மறு வருடமும் அவர்களுக்கு அதே உப்பளத்தில்தான் வேலை. செல்லப்பன் பீடிகூடக் குடிக்காத ஆள் என்று அவர்கள் அத்தனை பேருக்கும் தெரியும். இதற்குள் ஜேசிபி வந்து கரையை மூன்று மடங்கு உயர்த்திவிட்டது. இனி யார் நேரில் வந்து அளந்தாலும் பயனில்லை.

பழைய கரையின் உயரம் ஒரே ஒரு இடத்தில்தான் பதிவாகி இருந்தது. புயலுக்கு மூன்று மாதம் முன்னால், உரிமம் புதுப்பிக்க ஒரு சர்வேயரை வைத்து அளந்து வரைந்த வரைபடத்தில். ஏப்ரலில் அந்த ஃபைலை ஜெயப்பிரகாஷின் ஆள் என் கடைக்குக் கொண்டுவந்தார். இரண்டு தாள். நான்தான் அடித்தேன். சுருட்டை லியாகத்திடம் கொடுக்கச் சொன்னார்கள்.

முதல் தாள் பிளான். நேர் மேலிருந்து பார்ப்பது. பாத்திகள், வாய்க்கால், கரை, ஷெட் எல்லாம் இருக்கும், எதன் உயரமும் தெரியாது. அதன் குறுக்கே ஒரு கோடு போட்டு இரண்டு முனையிலும் ‘A’ என்று எழுதியிருந்தது. அந்த இடத்தில் கேக்கை வெட்டுவது மாதிரி நிலத்தை வெட்டினால் உள்ளே எப்படித் தெரியும் என்பது இரண்டாம் தாள். அதற்கு செக்‌ஷன் என்று பெயர். உயரம் அதில்தான் இருக்கிறது. வெளிக்கரை தரையிலிருந்து நாற்பத்தைந்து சென்டிமீட்டர் என்று அளவுக்கோடு போட்டு எழுதியிருந்தது. ஒன்றரை அடி.

லியாகத் முதலில் எல்லாவற்றையும் ஒரே ஸ்கேலில் செய்தார், இருநூறில் ஒரு பங்கு. அதில் கரை இரண்டு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வந்தது. ஜெயப்பிரகாஷ் ஷெட்டுக்கு வந்து பார்த்துவிட்டு, கரையே தெரியவில்லையே, செக்‌ஷனில் பெரிதாக இருக்கிறதே, அப்படிச் செய் என்றார். லியாகத் விளக்கினார். தட்டையான நிலத்தைச் செக்‌ஷனில் போடும்போது உயரத்தைப் படிக்க முடிவதற்காக மேல்நோக்கி மட்டும் இழுத்து வரைவார்கள். இங்கே ஐந்து மடங்கு இழுத்திருக்கிறது. மாடலிலும் அப்படி இழுக்கலாம், தப்பில்லை. ஆனால் அதில் ஆள் பொம்மை வைக்கக் கூடாது, இரண்டு ஸ்கேலையும் கண்ணில் படுகிற இடத்தில் எழுதியாக வேண்டும்.

“எழுதிக்கோ பாய், யார் வேணான்னா? ஆனா பாத்தியில நாலு ஆள் நிக்கட்டும். ஆபீஸ்ல வெக்கப் போறேன், உயிரோட்டமா இருக்கணும்” என்றார் ஜெயப்பிரகாஷ்.

நாலு ஆளையும் லியாகத் வைத்தார். எட்டு மில்லிமீட்டர் உயரம். பக்கத்தில் கரை பதினொரு மில்லிமீட்டருக்கு மேல் நின்றது. ஒன்றரை அடிக் கரை, ஏழரை அடி மதில் மாதிரி ஆனது. கிடை அளவு ஒன்றுக்கு இருநூறு, செங்குத்து அளவு ஒன்றுக்கு நாற்பது என்று எழுத்து வெட்டின அக்ரிலிக் தகடு ஒன்றைச் செய்து முன்பக்கம் இரண்டு ஸ்க்ரூ போட்டு முடுக்கினார். ஆபீசில் வைக்கத்தான் என்று நம்பினதாக என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். செல்லப்பன் செத்ததும், கேஸ் நடப்பதும் ஊருக்கே தெரிந்த விஷயம். அவர் நம்பினாரா, நம்பிக்கொள்வது வசதியாக இருந்ததா என்று எனக்குத் தெரியாது. மாடலைத் தூக்கிப் போனவர்கள் இரண்டு தாளையும் கையோடு வாங்கிப் போய்விட்டார்கள்.

ஆகஸ்டில் ஒரு நாள் ஜெயப்பிரகாஷ் தன் காரிலேயே லியாகத்தை ஏற்றிக்கொண்டு அந்த அதிகாரியின் விசாரணைக்குப் போனார். மாடலைச் செய்தவர் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றாராம். போகும் வழியில் ஷெட்டைப் பற்றிப் பேச்செடுத்து, அந்த இடத்தை வேறு ஒருவர் கேட்கிறார், நான்தான் உனக்காகத் தள்ளிப் போட்டுக்கொண்டிருக்கிறேன் என்றும் சொன்னாராம்.

அதிகாரியின் மேசை மேல் மாடல் இருந்தது. தகடு இல்லை. ஸ்க்ரூ இருந்த இரண்டு ஓட்டையையும் பட்டி பூசி அடைத்து, மேலே பெயின்ட் அடித்திருந்தார்கள். அடைத்த இடம் மற்றவர்கள் கண்ணுக்குத் தெரியாது. லியாகத்துக்கு உள்ளே நுழைந்ததும் தெரிந்தது.

வேலம்மாளுக்கு வாதாட வந்தவர் அரவிந்தன், இலவச சட்ட உதவியில் அனுப்பப்பட்ட இளம் வக்கீல். அவர் கையில் முதல் தாள் மட்டும் இருந்தது. எதிர்த் தரப்பு அதைத்தான் தாக்கல் செய்திருந்தது. மூலைக் கட்டத்தில் ‘தாள் 1 / 2’ என்று இருந்ததை அவர் பார்க்கவில்லை. குறுக்கே போன கோட்டின் இரண்டு முனையிலும் இருந்த ‘A’ என்ன என்று அவருக்குத் தெரியவும் இல்லை, யாரையும் அவர் கேட்கவும் இல்லை.

அதிகாரி வெளி மாவட்டத்துக்காரர். உப்பளத்தைப் பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்பார், அவ்வளவுதான். குனிந்து மாடலைப் பார்த்துவிட்டு லியாகத்திடம் கேட்டார்.

“இதை நீங்கதான் செஞ்சீங்களா?”

“ஆமாங்க ஐயா.”

“வரைபடத்துல இருக்கிற அளவுப்படி செஞ்சதா?”

“ஆமாங்க ஐயா. அளவுப்படிதான்.”

அந்தப் பதிலில் பொய் இல்லை. இரண்டு ஸ்கேலும் வரைபடத்தில் இருப்பவைதான். அதிகாரி இன்னொரு கேள்வி கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று லியாகத் சொல்வார். அதிகாரி கேட்கவில்லை.

வேலம்மாள் எழுந்து நின்றாள். “ஐயா, எங்க கர என் முட்டி வரைக்குந்தான் வரும்ங்க. தலையில கூடையோட தாண்டித் தாண்டி நடந்தவ நானு.”

அதிகாரி பேனா முனையால் பாத்தியில் நின்ற பொம்மை ஒன்றைத் தொட்டுக் காட்டினார். “அப்ப இந்த ஆள் உன் முட்டி உயரங்கூட இல்லாத ஆளாம்மா?”

யாரோ சிரித்தார்கள். ஜெயப்பிரகாஷின் வக்கீலாக இருக்கலாம். வேலம்மாள் மாடலுக்குப் பக்கத்தில் வந்து அந்தப் பொம்மையையும் கரையையும் மாறி மாறிப் பார்த்தாளாம். பிறகு லியாகத்தைப் பார்த்தாள். அவர் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மனு தள்ளுபடியானது. உத்தரவை ஜெராக்ஸ் எடுக்க அரவிந்தன் என் கடைக்கு வந்தபோது லியாகத்தும் அங்கே இருந்தார். நாலாவது பக்கத்தில், மாதிரி வடிவத்தைச் செய்தவரே அது அளவுப்படி செய்யப்பட்டது என்று உறுதிப்படுத்தியிருக்கிறார் என்று இருந்தது. லியாகத் அதைப் படித்தார். அரவிந்தனிடம் ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. இரண்டாம் தாள் என் கம்ப்யூட்டரில் இருந்தது. மேல்முறையீட்டுக்கு இரண்டு மாதம் நேரம் இருக்கிறது என்று அரவிந்தன் சொன்னதும் எங்கள் இருவர் காதிலும் விழுந்தது. ஜெயப்பிரகாஷின் லேஅவுட் பிரிண்ட் முழுதும் என் கடையில்தான் ஆகிறது. அந்த நினைப்பில் நான் ஜெராக்ஸைப் பின் அடித்துக் கொடுத்தேன்.

ஜெயப்பிரகாஷ் வேலம்மாளைத் திரும்ப வேலைக்குச் சேர்த்துக்கொண்டார். கேஸ் போட்டவளுக்கே வேலை கொடுத்தார் என்று ஊரில் அவருக்கு நல்ல பேர். புதிதாக உயர்த்தின கரையில் ஏறி இறங்கி லாரிக்கு உப்பு சுமக்கிற வேலை. பழைய கரையாக இருந்தால் ஒரே எட்டில் தாண்டிவிடலாம். இப்போது ஏழெட்டுப் படி. அவள் மேலே ஏறும்போதெல்லாம், “ஏம்மா, இப்ப முட்டிக்கு மேல வருதா?” என்று மேஸ்திரி கேட்பாராம். மற்ற பெண்கள் சிரிக்காமல் இருக்க முடியாது. சிரிக்காதவர்களை மேஸ்திரி குறித்து வைத்துக்கொள்வார்.

பூங்குழலியின் படிப்பு இரண்டாம் வருடத்தோடு நின்றது. தை மாதம் கீழ்புத்துப்பட்டில் நாற்பத்திரண்டு வயது ஆள் ஒருவருக்கு இரண்டாம் தாரமாகக் கட்டிக் கொடுத்தார்கள். அவருக்கு ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள். பத்திரிகை அடிக்கவில்லை, என் கடையில் ஒரே தாளில் இருபது ஜெராக்ஸ் எடுத்தார்கள். அதில் மிஞ்சின ஒன்று, கல்யாணம் முடிந்து மாசி பிறந்த பிறகும் கல்லா மேல் கிடந்தது. லியாகத் அதை எடுத்துப் படித்தார். வீட்டுக்குப் போய் ஷமாவிடம் அன்றைக்குத்தான் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். அதுவரை மனைவிக்கே தெரியாது. தகடு செய்ததும், தகடு போனதும், காலண்டரைப் பார்த்ததும்.

ஷமா கேட்டது ஒன்றுதான். “அந்த ஷெட்டு போயிருந்தா நாம பட்டினியா கெடந்திருப்போமா?”

மறுநாள் காலையில் கடையைத் திறந்ததும் லியாகத் வந்து நின்றார். இரண்டாம் தாள் வேண்டும் என்றார். ஃபைலை அழித்துவிட்டேன் என்று சொல்லலாமா என்று யோசித்தேன். சொல்ல வாயும் எடுத்தேன். அவர் கல்லாவுக்கு எதிரில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார், எழுந்து போகிறவராகத் தெரியவில்லை. கடைசியில் அடித்துக் கொடுத்தேன். மூலைக் கட்டத்தில் சர்வேயரின் கையெழுத்தும், புயலுக்கு முந்தைய செப்டம்பர் தேதியும் இருந்தன. அதை எடுத்துக்கொண்டு அரவிந்தனிடம் போய், தான் அன்றைக்குச் சொல்லாமல் விட்டதை எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அந்த வாரமே ஷெட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். அவர் வெளியே போயிருந்த நேரம் ஆட்கள் வந்து, முடித்து வைத்திருந்த மாடல்களையும் பாதியில் நின்றவற்றையும் வெட்டும் மெஷினையும் தூக்கி ரோட்டோரம் வைத்துவிட்டுப் பூட்டினார்கள். பிரம்மதேசத்துக் கல்யாண மண்டபம், ஒரு பள்ளிக்கூடம், ஷமா செய்த மரங்கள் நானூறோ ஐந்நூறோ எல்லாம் வெயிலில் கிடந்தன. லாரிகள் ஒதுங்கிப் போகவில்லை. யாரும் அவரை அடிக்கவில்லை, திட்டவில்லை. வேலை தருகிறவர்கள் அவருக்குப் போன் செய்வதை மட்டும் நிறுத்திக்கொண்டார்கள். எனக்கும் லேஅவுட் பிரிண்ட் வருவது நின்றது.

மேல்முறையீடு தாமதமாகப் போனாலும் ஏற்றுக்கொண்டார்கள். கேஸ் திரும்ப விசாரணைக்கு வந்தது. ஒன்றரை வருடம் இழுத்தது. அதிகாரி மாறியிருந்தார். ஜெயப்பிரகாஷின் வக்கீல் லியாகத்தை இரண்டு மணி நேரம் நிற்க வைத்துக் கேட்டார். அன்று சொன்னது பொய்யா, இன்று சொல்வது பொய்யா, ஷெட் போன ஆத்திரமா, எவ்வளவு வாங்கினாய் என்றெல்லாம். லியாகத் இரண்டாம் தாளை விரித்து அளவுக்கோட்டின் மேல் விரலை வைத்துக் காட்டினார். அந்தத் தாளை யாராலும் மறுக்க முடியவில்லை. நஷ்டஈடு கொடுக்கச் சொல்லி உத்தரவானது. ஜெயப்பிரகாஷ் கட்டிவிட்டார். ஒரு லோடு உப்பு கொட்டிப்போனால் ஆகிற வருத்தம்கூட அவர் முகத்தில் தெரியவில்லை.

உத்தரவு வந்த மறு வாரம் லியாகத் ஷமாவைக் கூட்டிக்கொண்டு வேலம்மாள் வீட்டுக்குப் போனார். என்னையும் வரச் சொன்னார். எனக்கும் போக வேண்டும் என்று இருந்தது, போனேன். வேலம்மாள் வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை.

“தப்பு பண்ணிட்டேம்மா” என்றார் லியாகத்.

“அது எனக்கு அன்னிக்கே தெரியும். அத சொல்றதுக்கா வந்த?” அவள் நிமிரவில்லை. “வீட்டுக்காரிய ஏன் கூட்டிட்டு வந்த? அவ முன்னாடி திட்ட மாட்டேன்னா?”

ஷமா ஒரு அடி பின்னால் நகர்ந்தார்.

“பணம் வந்துச்சு. எடுத்துனு போய் மாப்ளகிட்ட வெச்சேன். இத வெச்சிக்கினு பொண்ண ரெண்டு வருஷம் படிக்க வுடுங்கன்னேன். பணத்த வாங்கி உள்ள வெச்சிட்டான். கைக்கொழந்தைய வெச்சிக்கினு என்னா படிப்புன்றான்.” வெங்காயத் தோலை முறத்திலிருந்து தட்டினாள். “அந்த அய்யா கேட்டாரு, நீ ஆமாங்கன்ன. அதுக்கு மேல ஒரு வார்த்த. ஒரே ஒரு வார்த்த பாய். தையில பொண்ணுக்குக் கல்யாணம் ஆச்சு, மாசியில நீ வந்து எழுதிக் குடுக்கற. உன்ன நல்லவன்னு சொல்றாங்க ஊர்ல. சொல்லட்டும். நீ என் வூட்டு வாசல்ல நிக்காத.”

ஷமா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். வேலம்மாள் என் பக்கம் திரும்பினாள். நான் யார் என்று கேட்டாள். பிளான் பிரிண்ட் கடைக்காரன் என்றேன். அந்தத் தாள் முதலிலிருந்தே உன் கடையில்தான் இருந்ததா என்று கேட்டாள். இருந்தது என்றேன். அவள் முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

லியாகத் இப்போது பெரிய முதலியார்சாவடியில் ஒரு பட்டறையில் தினக்கூலிக்குப் பலகை அறுக்கிறார். மாடல் செய்வது அங்கே வேறு ஆட்கள். காலை ஆறு மணி பஸ்ஸில் போவார். வேலம்மாளும் மற்றப் பெண்களும் உப்பளத்து வளைவில் இறங்க அதே பஸ்ஸில்தான் ஏறுகிறார்கள். அவர் பின் படியில் நின்றுகொள்வார். வேலம்மாள் ஏறியதும் நடுவில் இருக்கிறவர்களைத் தள்ளிக்கொண்டு முன்னால் போய்விடுவாள். வளைவு வரை இருபது நிமிடப் பயணம். ஞாயிற்றுக்கிழமை தவிர எல்லா நாளும்.